கலோடனில் யார் என்ன உடுத்தினார்கள்?

அன்புள்ள ஐயா,

1745 ஸ்காட்லாந்துக் கிளர்ச்சியைப் பற்றி ஒரு தொடர் பார்த்தேன். ஒரு பக்கம் சிவப்புக் கோட்டு ஆங்கிலேயர்கள், எதிரே கில்ட் (பாவாடை மாதிரி உடை) கட்டிய ஸ்காட்லாந்துக்காரர்கள், குலத்துக்கொரு டார்ட்டன் துணிக் கட்டம். உண்மையிலேயே இப்படித்தானா? தன் தந்தைக்காக பிரிட்டிஷ் அரியணையை மீட்கக் கிளர்ச்சி செய்த இளவரசர் சார்லஸால் தன் படைக்குச் சீருடைகூடக் கொடுக்க முடியவில்லையா?

— ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

குலத்துக்கொரு கட்டம் என்பது 19ஆம் நூற்றாண்டில் கெட்டிப்பட்ட பழக்கம். அதை ஒதுக்கிவிடுங்கள்.

1746 ஏப்ரல் 16 அன்று, கிளர்ச்சியின் கடைசிப் போர் நடந்த கலோடனில் கம்பர்லாந்து கோமகனின் அரசுப் படையில் ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்டுகளும் நின்றன. ஆர்கைல் மிலிஷியா என்ற உள்ளூர்ப் படையின் கேம்ப்பெல் குலத்தவர்கள் எதிரிகளைப் போலவே டார்ட்டன் உடுத்தியவர்கள். ஜேக்கபைட்டுகள், அதாவது இளவரசர் சார்லஸின் ஆட்கள், தொப்பியில் வெள்ளை நாடா முடிச்சைச் செருகியிருந்தார்கள். ஆளைப் பிரித்தறிய அதுதான் வழி. இன்னொரு குழப்பம்: இளவரசருக்காக பிரான்ஸ் அனுப்பிய அயர்லாந்து வீரர்களும் சிவப்புக் கோட்டுதான். இளவரசர் பக்கத்துக் கில்மார்னக் பிரபு அரசுக் குதிரைப்படையை, பிரான்ஸ் அனுப்பிய ஃபிட்ஸ்ஜேம்ஸ் குதிரைப்படை என்று நினைத்து நெருங்கிப்போய்ச் சிக்கினார். அவர் மகனோ அன்று அரசுப் படையில் அதிகாரி!

சீருடை இல்லாமலும் இல்லை. இளவரசர் பக்கத்து எல்கோ பிரபுவின் மெய்க்காவல் படைக்குச் சிவப்பு மடிப்பு வைத்த நீலக் கோட்டு. மற்றவர்களில் ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்து (தெற்கு, கிழக்குப் பகுதி) ஆட்கள்கூடப் பலர் டார்ட்டன் உடுத்தினார்கள். அந்தப் படைக்கு அதுவே சீருடை மாதிரி.

தொடரில் வராத விஷயம் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். பிரெஞ்சு அரசரின் சம்பளத்தில் இருந்த ராயல் எகோஸே என்ற ஸ்காட்லாந்து ரெஜிமென்ட், அயர்லாந்துப் படையினரைப் பெரும்பாலும் போர்க்கைதிகளாக நடத்தினார்கள். உள்ளூரில் திரட்டப்பட்டவன் ராஜத்துரோகி; அவனுக்குத் தூக்கும் நாடுகடத்தலும் காத்திருந்தன. ஆக, கோட்டு யார் கொடுத்தது என்பது உயிர்ப் பிரச்சினை. கார்லைலில் சரணடைந்த, இளவரசருக்காக இங்கிலாந்தில் திரட்டிய மான்செஸ்டர் ரெஜிமென்ட்டின் கர்னல் டவுன்லி, தான் பிரெஞ்சு அதிகாரி என்று லண்டனில் வாதாடிப் பார்த்தார். இங்கிலாந்தில் பிறந்த குடிமகனுக்கு அது செல்லாது என்று சொல்லி 1746 ஜூலை 30 அன்று கென்னிங்டனில் தூக்கிலிட்டார்கள். ஆகஸ்ட் 18 அன்று கில்மார்னக்கோடு தலை வெட்டப்பட்ட பால்மெரினோ பிரபுவும் குற்றத்தை மறுத்துத்தான் பார்த்தார். கடைசியில் போரில் அணிந்த அதே நீலக் கோட்டோடு மேடையேறினார்.

ஸ்காட்லாந்தில் ஆண்கள் கில்ட் போன்ற மேல்நில (வடக்கு மலைப்பகுதி) உடை உடுப்பதை 1747 ஆகஸ்ட் 1 முதல் சட்டம் தடுத்தது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. அரசரின் படையில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. சட்டம் 1782 வரை இருந்தது.