அமெரிக்கக் கவுண்டிகளில் மறுசுழற்சித் திட்டம் நடப்பது மக்களின் ஒழுக்கத்தாலா?

இல்லை. கேள்வி கேட்டவர் விடையை முன்பே முடிவு செய்துவிட்டுக் கேட்டிருப்பதாகத் தோன்றுகிறது. கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி. கலிபோர்னியா மாநிலத்தின் அலமேடா கவுண்டியில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவள் நான். நீங்கள் புகழும் அந்த ஒழுக்கத்தோடு நடந்துகொண்டே எங்கள் குடியிருப்புக்குக் கூடுதல் கட்டணம் வாங்கித் தந்தவளும் நான்தான்.

முதலில் இருந்தது சட்டம். 1989இல் கலிபோர்னியா இயற்றிய ஏபி 939, நகரங்களும் கவுண்டிகளும் குப்பைக்கிடங்குக்குச் செல்லும் கழிவை 1995க்குள் 25 விழுக்காடும் 2000க்குள் 50 விழுக்காடும் குறைப்பதற்குத் திட்டம் தீட்ட வேண்டும் என்றது. தவறினால் நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம் விதிக்கவும் இடம் வைத்தது. மறு ஆண்டே அலமேடா கவுண்டி வாக்காளர்கள் 'மெஷர் டி' என்ற தீர்மானத்தை நிறைவேற்றி, கிடங்கில் கொட்டப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் 6 டாலர் கூடுதலாக வசூலிக்க வழி செய்தனர். அந்தப் பணத்தில் ஒரு பகுதி நகரங்களின் மறுசுழற்சிப் பணிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஆக, மறுசுழற்சிக்கான செலவைக் குப்பையே ஈட்டித் தருகிறது. குப்பை குறையக் குறைய அந்த வருவாயும் குறையும் என்பது இந்த ஏற்பாட்டின் உள்முரண். அதை மறைப்பது நேர்மையாகாது.

கவுண்டியே குப்பை லாரி ஓட்டுகிறது என்று நீங்கள் எண்ணியிருந்தால் அதுவும் இங்கே பொருந்தாது. கவுண்டியில் 14 நகரங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனியே ஏற்பாடு செய்துகொள்வதால், ஒரு நகரில் ஏற்கப்படும் பொருள் அடுத்த நகரில் மறுக்கப்படக்கூடும். நகரங்களுக்குப் பொதுவான திட்டமிடலையும் விழிப்புணர்வுப் பணிகளையும் 'ஸ்டாப்வேஸ்ட்' என்ற பொது அமைப்பு கவனிக்கிறது.

இனி என் கதை. குடிவந்த புதிதில் பால் கேன்களையும் தயிர் டப்பாக்களையும் கழுவிக் காயவைத்து, ஊரில் அம்மா பழைய செய்தித்தாள்களைக் கட்டிவைப்பதைப் போல, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் இட்டேன். பல வாரங்கள் பெருமிதத்தோடு இதைச் செய்தேன். ஒருநாள் தொட்டி காலி செய்யப்படாமல் ஓர் எச்சரிக்கை அட்டையோடு நின்றது. அடுத்த மாதம் குடியிருப்போர் சங்கத்திற்குக் கூடுதல் கட்டணச் சீட்டும் வந்தது. தரம் பிரிக்கும் ஆலையில் அந்தப் பைகள் சுழலும் தட்டுகளில் சுற்றிக்கொள்ளும் என்பதும், பணியாளர்கள் எந்திரத்தை நிறுத்திவிட்டு அவற்றை அறுத்தெடுக்க வேண்டியிருக்கும் என்பதும் பின்னர்தான் எனக்குத் தெரிந்தன. அமெரிக்கக் கழிவுத்தாளைப் பெருமளவில் வாங்கிவந்த சீனா, 2018இல் அதில் கலப்படம் 0.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்படுத்திய பிறகு, இத்தகைய பிழைகளைப் பொறுத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லாமல் போயிற்று.

"அட்டையைப் படித்திருக்கலாமே" என்று பின்னூட்டத்தில் எழுதப்போகிறவர்களுக்கு: படித்தேன். பிளாஸ்டிக் பை கூடாது என்றுதான் அதில் இருந்தது. பைக்குள் போட்டுத் தரக்கூடாது என்றும் அதற்குப் பொருளுண்டு என எனக்குத் தோன்றவில்லை. தனி வீட்டில் பிழை செய்தவருக்கே அட்டை செல்கிறது. அடுக்குமாடியில் நாற்பது வீடுகளுக்கும் ஒரே தொட்டி என்பதால், கட்டணத்தை எல்லோரும் சுமக்கிறார்கள், பிழையை யாரும் திருத்திக்கொள்வதில்லை. கலிபோர்னியாவின் எஸ்பி 1383 சட்டத்தின்படி 2022 முதல் உணவுக்கழிவையும் தனியே சேகரிக்க வேண்டும் என்றான பின்னரும், அதற்கான எங்கள் பச்சைத் தொட்டியில் பிளாஸ்டிக் பைகள் கிடக்கின்றன. சங்கக் கூட்டத்தில் அந்த முதல் பை யாருடையது என்று கேட்டபோது, நானும் மற்றவர்களோடு சேர்ந்து தலையை ஆட்டிவிட்டு அமைதியாக இருந்துவிட்டேன்.