பாறுகளும் மாட்டு ஊசியும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மாயாற்றுப் பாறு கழுகுகள் அருகியதற்கு மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி ஊசியே காரணம் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் மாடுகள் அந்த ஊசியில் எழுந்து நின்றவை. மூட்டுவலிக்கு நாமும் அதையே விழுங்குகிறோம். செத்த மாட்டைத் தின்ற நாய்க்கு வராத கேடு கழுகுக்கு மட்டும் எப்படி வரும்? தோட்டத்துப் பூச்சிமருந்தை விட்டுவிட்டு மாட்டுக்காரன்மீது பழி போடுகிறீர்களோ என்று தோன்றுகிறது.

ச., மசினகுடி

அன்புள்ள ச.,

பூச்சிமருந்தையும் தொற்றுநோயையும்தான் ஆய்வாளர்களும் முதலில் சந்தேகித்தார்கள். பாகிஸ்தானில் இறந்துகிடந்த வெண்முதுகுப் பாறுகளை (மாயாற்றங்கரை நீர்மருதில் கூடு கட்டும் அதே இனம்) லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் அறுத்துப் பார்த்தபோது, உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. பறவைகள் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாகவே வெளியேற்றுவதால், சிறுநீரகம் செயலிழந்தால் அது உடலுக்குள்ளேயே படிகமாகத் தங்கிவிடும். அப்படி இறந்தவற்றில் சோதித்த 25 பறவைகளிலும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13இல் ஒன்றில்கூட இல்லை. அதோடு நில்லாமல், ஊசி போட்ட கால்நடையின் இறைச்சியைக் கூண்டிலிருந்த பாறுகளுக்குக் கொடுத்து, அதே விதமான சாவு நேர்வதைக் கண்ட பிறகே 2004இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். கொடிய சோதனைதான், ஆனால் அது இல்லாவிட்டால் உங்கள் ஐயம் எனக்கும் இருந்திருக்கும்.

நாயை விடுங்கள், பிணம் தின்னும் பறவைகளுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. நம் பாறுகளில் பாதியைக் கொல்லக்கூடிய அளவைப்போல் நூறு மடங்குக்கு மேல் கொடுத்தும் அமெரிக்காவின் டர்க்கி வல்ச்சர் நோயின்றி இருந்தது. ஆகவே மாடு பிழைத்ததை வைத்துப் பாறுக்கு என்ன ஆகும் என்று கணிக்க வழியில்லை.

பழி என்றீர்கள். ஒரே சடலத்தைப் பாறுகள் கூட்டமாகத் தின்பதால், நூறில் ஒரு சடலத்துக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எனவே ஊர் மாட்டுக்காரர்கள் எல்லோரையும் குற்றஞ்சாட்டத் தேவையே எழவில்லை. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்த பிறகும் மனிதருக்கான பெரிய புட்டிகள் தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 2015இல்தான் அந்தப் புட்டியை 3 மில்லியாகக் குறைத்தார்கள். மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபினாக்காகவே மாறும் அசெக்ளோஃபினாக்குக்கு 2023 வரை தடை இல்லை. இதில் மருந்துக் கடைக்காரருக்கும் அரசுக்கும் உள்ள பங்கு உங்களுடையதைவிடப் பெரிது. பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்துத் தீங்கில்லை என்று உறுதிசெய்யப்பட்ட மெலாக்சிகம் என்ற வலிநிவாரணி கிடைக்கிறது. அடுத்த முறை கால்நடை மருத்துவரிடம் அதையே பெயர் சொல்லிக் கேளுங்கள்.