ஜெர்மனியில் படிக்கிறவர்களுக்கு: தனிமை, மனச்சோர்வு, கேள்வி பதில்

கே: மனநல ஆலோசகரிடம் போனால் விசா நீட்டிப்பில் சிக்கல் வருமா, அக்கா?

ப: வராது. வெளிநாட்டவர் அலுவலகம் பார்ப்பது பல்கலைக்கழகப் பதிவு, பணம், காப்பீடு, படிப்பு நகர்கிறதா என்பதைத்தான். உங்கள் மருத்துவக் கோப்பு அங்கே போகாது. சிகிச்சையாளர் நீங்கள் சொன்னதை வெளியே விட்டால் ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 203-ஆம் பிரிவு அவர்மேல்தான் பாயும். விசாவுக்கு ஆபத்து, யாரிடமும் சொல்லாமல் அறைக்குள் முடங்கித் தேர்வுகளை விடும்போதுதான்.

கே: எங்கே ஆரம்பிக்கிறது? ஜெர்மன் திக்கித் திணறித்தான் வரும்.

ப: முதலில் உங்கள் ஊர் ஸ்டுடீரெண்டன்வெர்க், அதாவது மாணவர் நல அமைப்பு. செமஸ்டர் கட்டணத்தில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது, அதனால் ஆலோசனைக்குப் பெரும்பாலும் தனிக் காசு இல்லை. பல ஊர்களில் ஆங்கிலத்தில் பேசலாம். பல்கலைக்கழகத்திலிருந்து தனியான அமைப்பு அது. பேராசிரியருக்குத் தகவல் போகாது. மின்னஞ்சல் மூன்றே வரி: "ஆறு வாரமாகத் தூக்கமில்லை. வகுப்புக்குப் போக முடியவில்லை. ஆங்கிலத்தில் பேச நேரம் வேண்டும்." முழுக் கதையையும் எழுத உட்கார்ந்தால் மடல் டிராஃப்டிலேயே கிடக்கும்.

சிகிச்சையே தேவைப்பட்டால் 116117 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்து மனநலச் சிகிச்சையாளரோடு "ஷ்ப்ரெக்ஷ்டுண்டே" (முதல் கலந்தாலோசனை) வேண்டும் என்று சொல்லுங்கள். அரசுக் காப்பீட்டுக்காரர்களுக்கு இது உண்டு. பரிந்துரைக் கடிதம் வேண்டாம். பேசி முடித்ததும் பிடிவி 11 என்று ஒரு தாள் தருவார்கள். அதில் குறியீடு இருந்தால், அதைச் சொல்லி அதே எண்ணில் அடுத்த கட்ட அமர்வுக்கு நேரம் கேட்கலாம். தாளைத் தொலைக்காதீர்கள். தொடர் சிகிச்சைக்குக் காத்திருப்பு மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை ஸ்டுடீரெண்டன்வெர்க் அமர்வுகளை விடாதீர்கள். 30 வயது தாண்டித் தனியார் காப்பீட்டில் இருப்பவர்கள், மனநலச் சிகிச்சை அதில் சேர்த்தியா என்று முதலில் படித்துப் பாருங்கள். மலிவான பாலிசிகள் பலவற்றில் இருக்காது.

கே: எனக்கும் விசா பயம்தான்...

ப: முதல் பதில்.

கே: அடுத்த வாரம் தேர்வு. எழுதுகிற நிலையில் இல்லை.

ப: சும்மா போகாமல் இருந்துவிடாதீர்கள். தேர்வுக்கு முன்போ, அன்றேயோ மருத்துவரைப் பார்த்து, உங்கள் தேர்வு அலுவலகத்தின் படிவத்திலேயே சான்று வாங்கி உடனே கொடுங்கள். வேலைக்குக் கொடுக்கிற சாதாரண விடுப்புச் சீட்டைப் பல துறைகள் ஏற்பதில்லை. சான்று இல்லாத விடுப்பு தோல்விக் கணக்கில் சேரும். கடைசி வாய்ப்பும் அப்படிப் போனால் அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடர முடியாமல் போகலாம். செமஸ்டர் முழுக்க விடுப்பு எடுப்பதென்றால், விண்ணப்பிக்கும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கே: பெயரைப் பார்த்ததும் வீடு இல்லை என்கிறார்கள்.

ப: மடல்களை அழிக்காதீர்கள். பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் 2006 முதல் இருக்கிறது, ஆனால் அதன்படி உரிமை கோருவதற்கான கெடு குறுகியது. கூட்டரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை தரும். உடனே கேளுங்கள்.

கே: நம்ம ஆட்களோடு மட்டுமே சுற்றினால் தனிமை போகாது என்கிறார்களே?

ப: தவறான அறிவுரை. காய்ச்சலில் கிடக்கும்போது ரசம் கொண்டு வந்து கதவைத் தட்டுகிறவர்கள் அவர்கள்தான்.

கே: குறுக்கே வருகிறேன். அதே ஆட்களால்தான் நான் ஆலோசனைக்குப் போனது எனக்கு முன்னாலேயே ஊரில் அம்மா காதுக்குப் போனது. "பைத்தியம் பிடிச்சிருச்சாம்" என்று.

ப: நீங்கள் சொல்வது சரி, என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். சமைக்க, சிரிக்க அந்தக் கூட்டம் வேண்டும். நோயைச் சொல்ல அதற்கு வெளியே ஓர் ஆள் வேண்டும். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்பு நல்ல இடம்: வாரம் ஒருமுறை, அதே முகங்கள், பேச்சு குறைவு. பதிவு செமஸ்டர் தொடக்கத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும். டிசம்பரில் பெர்லினில் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் சாய்ந்துவிடும், அதனால் மாலை வகுப்பாகப் பாருங்கள். அம்மாவிடம் நீங்களே முந்திக்கொண்டு, "தூக்கம் வரல, டாக்டர்கிட்ட காட்டுறேன்" என்று சொல்லிவிடலாம். பொய்யில்லை, அவருக்கும் புரியும்.

கே: ராத்திரி ரெண்டு மணிக்கு யாரிடம் பேசுவது?

ப: 0800 1110111, தொலைபேசி ஆறுதல் சேவை. கட்டணமில்லை, பெயர் கேட்க மாட்டார்கள், ஃபோன் பில்லில் வராது. பெரும்பாலும் ஜெர்மன், ஆங்கிலம் தெரிந்தவர் எடுத்தால் பேசுவார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அவசர உதவி எண் 112. அதில் ஆங்கிலம் போதும்.

கே: மாத்திரை எடுத்தால் விசா...?

ப: சிக்கல் வராது, முதல் பதிலைப் படியுங்கள். ஒன்று மட்டும்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதித் தந்த மருத்துவரிடம் கேட்டுக் குறையுங்கள்.