ஒன்பதாம் வகுப்புக்கு எந்த நாவல்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். இந்தப் பருவத்துக்கு ஒரு நாவலை என்னையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். போன வருடம் வேறோர் ஆசிரியர் வைத்த நாவலில் தற்கொலை வருகிறது என்று ஒரு பெற்றோர் சண்டைக்கே வந்துவிட்டார். எந்த வயதுக்கு எந்த நாவல் என்று நம்பகமான பட்டியல் இருக்கிறதா?
— ஓர் ஆசிரியை

பதில்: பட்டியலுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் அதை மட்டும் நம்பிப் புத்தகத்தை முடிவு செய்துவிடாதீர்கள். லெக்சைல் (ஒரு புத்தகத்தை வாசிப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணால் சொல்வது; எண் கூடினால் கடினமும் கூடும்) மாதிரியான அளவுகள் வாக்கியம் எவ்வளவு நீளம், சொற்கள் எவ்வளவு புழக்கத்தில் இருப்பவை என்றுதான் பார்க்கும்; கதையில் யார் யாரைக் கொன்றார்கள் என்பதெல்லாம் அதன் கண்ணிலேயே படாது. ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ (1937) அந்த அளவில் 600 சொச்சம், ரோல்ட் டாலின் ‘சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி’ 800 சொச்சம். முதலாவதில் ஒரு பெண் கழுத்து முறிந்து சாகிறாள், கடைசியில் நண்பனே நண்பனைச் சுடுகிறான், கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. எண்ணை மட்டும் பார்த்தால் அதுதான் சின்னப் பிள்ளைகள் புத்தகம்!

அதனால் மொழியின் கடினத்தையும் விஷயத்தின் கனத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். சாவு வருகிறது என்பதற்காகவே ஒரு நாவலை ஒதுக்க வேண்டாம், அப்படி ஒதுக்கிக்கொண்டே போனால் மிஞ்சுவது பிள்ளைகள் கொட்டாவி விடுகிற புத்தகங்கள்தான். தற்கொலை வருகிறதா, எப்படிச் செய்துகொண்டார் என்று விலாவாரியாகச் சொல்கிறதா, பிரச்சினைக்கு அதுதான் வழி என்பதுபோல் காட்டுகிறதா? அப்படியென்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள். பின்னால் இருப்பவர்கள் அந்த இழப்பை எப்படிச் சுமக்கிறார்கள் என்று பேசுகிற கதையை எடுக்கலாம், ஆனால் வகுப்பில் அண்மையில் யாரையாவது பறிகொடுத்த பிள்ளை இருந்தால் முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் பின்னட்டையில் இருக்காது, கடைசிப் பக்கம் வரை நீங்களே படித்தாக வேண்டும். படிக்கும்போதே வகுப்பில் சத்தம் போட்டு வாசிக்க முடியாத பக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இனவசை வரும் பத்தியை ஒரு மாணவனை எழுப்பி வாசிக்கச் சொல்வது எந்த வயதிலும் சரியில்லை. அதை நீங்களே, அந்தச் சொல்லை விட்டுவிட்டு, வாசியுங்கள்.

பெற்றோருக்குப் பருவம் தொடங்கும்முன் ஒரு கடிதம் அனுப்புங்கள். ‘சில கனமான காட்சிகள்’ என்று மழுப்பாமல் இன்ன இன்ன வருகிறது, இதற்காக வைக்கிறேன் என்று எழுதுங்கள். மாற்றுப் புத்தகம் ஒன்றும் கையில் இருக்கட்டும், கிட்டத்தட்ட அதே நீளத்தில். இல்லாவிட்டால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும். (தலைமையாசிரியர் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைப்பது உங்கள் நிம்மதிக்கு.)

சரி, ஒன்று சொல்லுங்கள் என்றால் ஆர்வெலின் ‘அனிமல் ஃபார்ம்’ (1945). பண்ணை விலங்குகள் புரட்சி செய்து கடைசியில் பன்றிகளின் ஆட்சியில் மாட்டிக்கொள்கிற கதை, ரஷ்யப் புரட்சியை உருவகமாகச் சொல்வது. சின்னப் புத்தகம், பாலியல் காட்சி கிடையாது, கொலை உண்டு. 1917 ரஷ்யப் புரட்சியையும் ஸ்டாலினையும் பற்றி இரண்டு வகுப்பாவது பேசிவிட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் வெறும் பன்றிக் கதையாகப் போய்விடும். பாக்ஸர் என்ற உழைப்பாளிக் குதிரையைக் கொல்வதற்காக வண்டியில் ஏற்றுகிற அத்தியாயத்தன்று மட்டும் தேர்வு எதுவும் வைக்காதீர்கள், பிள்ளைகள் அதைப் பற்றித்தான் பேசுவார்கள்.