விற்றதை எல்லாம் கூட்டினால் இறுதித் தேவை வந்துவிடுமா?

நாட்டில் நடக்கும் விற்பனை எல்லாவற்றையும் கூட்டினால் இறுதித் தேவை (வேறொன்றைச் செய்து விற்பதற்குள் கரைந்துபோகாமல், கடைசியாகப் போய்ச் சேரும் பொருட்களின் மதிப்பு) கிடைத்துவிடாதா, அதற்கு எதற்கு உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணை (எந்தப் பொருளை யார் எவ்வளவு வாங்கினார் என்று காட்டும் அட்டவணை) என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்காது. ஒரு லிட்டர் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வாங்கினால் அது இறுதித் தேவை. அதே பாலைத் தெருமுனை டீக்கடைக்காரர் வாங்கினால் இடைநிலை நுகர்வு, ஏனென்றால் அவர் விற்கும் டீயின் விலைக்குள் அந்தப் பால் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டையும் கூட்டினால் பாலை இரண்டு முறை எண்ணிவிடுவோம். என்ன பொருள் என்பதல்ல, யார் எதற்காக வாங்கினார் என்பதுதான் கணக்கு.

1930களில் பொருளாதார அறிஞர் வாசிலி லியோன்டீஃப் அமெரிக்காவுக்குப் போட்டுக் காட்டிய அட்டவணையின் அடிப்படை இதுதான் (1973இல் நோபல் கிடைத்தது). ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை. இடப்பக்கம் அதை வாங்கிப் பயன்படுத்திய தொழில்கள், வலப்பக்கம் இறுதித் தேவை: குடும்பங்கள், அரசு, மூலதன ஆக்கம் (கட்டடம், இயந்திரம் போன்றவை), இருப்பு மாற்றம் (விற்காமல் கையிருப்பில் கூடியதோ குறைந்ததோ), ஏற்றுமதி. குடும்பமே வாங்கினாலும் புது வீடு மூலதன ஆக்கத்தில்தான் சேரும்.

விலையையும் பிரிக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, 20 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் கம்பெனிக்கு 14, வரி 2, லாரிக்கு 1, கடைகளுக்கு 3 என்று வைத்துக்கொள்வோம். பிஸ்கட் வரிசையில் 14தான் ஏறும். லாரிப் பணம் போக்குவரத்து வரிசைக்கும், கடைப் பணம் வணிக வரிசைக்கும் போகும், வரி தனியாக நிற்கும்.

சரி, குடும்பங்கள் வாங்கியதை எப்படி அளக்கிறார்கள்? வீடு வீடாகக் கேட்டு என்று பலர் நினைக்கிறார்கள். 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட இந்தியக் கணக்குகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, தொழில்கள் பயன்படுத்தியது, அரசு வாங்கியது, மூலதனமானது, இருப்பில் தங்கியது, ஏற்றுமதியானது எல்லாவற்றையும் கழித்து மிஞ்சியதைத்தான் குடும்பங்கள் பக்கம் எழுதினார்கள். பொருள் ஓட்ட முறை என்பார்கள். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்: டீக்கடைக்குப் போன பாலைக் குறைத்து மதிப்பிட்டால் அந்தத் தவறு முழுக்கக் குடும்ப நுகர்வில் வந்து ஏறும், சின்னக் கடைகளும் பட்டறைகளும் நிறைந்த நாட்டில் அவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்ற விகிதம் பழையதாக இருக்கவே கூடாது.

அப்புறம் ஒரு சோதனை உண்டு. இறுதித் தேவையின் கூட்டுத்தொகையில் இறக்குமதியைக் கழித்தால் வருவது, எல்லாத் தொழில்களும் புதிதாகச் சேர்த்த மதிப்போடு (உற்பத்தியின் மதிப்பில் வாங்கிப் பயன்படுத்தியதைக் கழித்தது) பொருட்கள் மீதான நிகர வரியை (வரியில் மானியம் போக மீதி) கூட்டியதற்குச் சமமாக இருக்க வேண்டும், இரண்டுமே ஜிடிபிதான். இந்தியாவின் 2011-12 அடிப்படை ஆண்டு அட்டவணைகளில் 140 பொருட்கள், 66 தொழில்கள். சமமாக வராவிட்டால் அந்த 140 வரிசைகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்க வேண்டியதுதான்.