மகளுக்குக் கிட்னி பாடம் தலையில் ஏறவில்லை என்றால்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் பி.எஸ்சி. ரேடியோகிராபி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், பின்னால் வெளிநாட்டில் அல்ட்ராசவுண்ட் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள், கிட்னி பாடத்தில் இரண்டு இன்டர்னலிலும் மார்க் போய்விட்டது, "இந்தப் படிப்பே இவளுக்குச் சரிவராதோ?" என்று கேட்டிருந்தீர்கள். சரிவரும். படிப்பை மாற்றும் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

நீங்கள் போட்டோ எடுத்து அனுப்பிய அவளுடைய நோட்டைப் பார்த்தேன். கிட்னியின் நீளம் 9 முதல் 12 சென்டிமீட்டர், மேலே கல்லீரல் இருப்பதால் வலது கிட்னி கொஞ்சம் இறங்கியிருக்கும், இடது சற்றே நீளம். எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறாள். ஆனால் பக்கத்தில் போட்ட படத்தில் இரண்டு கிட்னியும் விறைப்பாக நேரே நிற்கின்றன. சிக்கல் அங்கேதான்.

உடம்புக்குள் அவை அப்படி நிற்பதில்லை. ஓட்டு வீட்டுக் கூரையின் இரண்டு சரிவு மாதிரி, மேல் முனைகள் முதுகெலும்பை நெருங்கியும் கீழ் முனைகள் விலகியும் சாய்ந்திருக்கும். போதாததற்கு மேல் முனை முதுகுப் பக்கமும் கீழ் முனை வயிற்றுப் பக்கமும் சரிந்திருக்கும். இந்தச் சாய்வு மனதில் பதியாதவர்கள் புரோபை, அதாவது உடம்பின் மேல் வைத்து ஸ்கேன் செய்யும் கைக்கருவியை, நேராக வைப்பார்கள். நான் ஆலோசனை சொன்ன ஒரு மாணவி பயிற்சியில் ஒருவருக்கு 8.2 சென்டிமீட்டர் என்று அளந்து, 'கிட்னி சுருங்கியிருக்கிறது' என்று எழுதப் போனாள். சீனியர் வந்து அவள் கையைப் பிடித்து புரோபைக் கொஞ்சம் திருப்பினார், அவ்வளவுதான். திரையில் 10.4 வந்தது. கிட்னி நன்றாகத்தான் இருந்தது. ஸ்கேன் காட்டிய வெட்டுத்தோற்றம்தான் கோணலாக விழுந்திருந்தது.

இதைப் புரியவைக்க நீங்களே உதவலாம். சப்பாத்திக்கு மாவு பிசையும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவரை விதை வடிவில், பத்து சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு உருண்டை. நடுவில் மஞ்சள் கலந்த மாவைக் கொஞ்சம் அடைக்கட்டும். அதுதான் ஸ்கேனில் நடுவே வெள்ளையாகத் தெரியும் கொழுப்புப் பகுதி. இரண்டையும் தட்டில் கூரை மாதிரி சாய்த்து வைத்து, ஒன்றைக் கத்தியை நேராகப் பிடித்து நறுக்கச் சொல்லுங்கள். முனைகள் சேராமல் குட்டையாக வரும். இன்னொன்றை அதன் சாய்விலேயே நறுக்கினால் முழு நீளமும் வரும். பாதியைக் குறுக்கே வெட்டினால் வட்டம், ஒரு பக்கம் பள்ளம். ரத்தக் குழாய்கள் நுழைவதும் சிறுநீர்க் குழாய் கிளம்புவதும் அந்தப் பள்ளத்தில். பத்துப் பக்கம் மனப்பாடம் செய்தாலும் கிடைக்காதது இந்த ஒரு தட்டில் கிடைத்துவிடும்.

அப்புறம், வலது கிட்னியைக் கல்லீரல் வழியாகவே பார்த்துவிடலாம். ஒலி தடையில்லாமல் போகும். இடதுக்கு அந்த வசதி இல்லை. மண்ணீரல் சின்னது, இரைப்பையிலும் குடலிலும் வாயு. நோயாளியை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, பின்பக்கமாக வர வேண்டும். இடது கிட்னி தெரியவில்லை என்று எந்த மாணவர் திணறினாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூன்றையும் செய்தாரா என்பதைத்தான். எல்லாம் செய்தும் அந்த இடம் காலியாக இருந்தால் அடிவயிற்றிலும் தேட வேண்டும். சிலருக்குக் கிட்னி பிறவியிலேயே அங்கே தங்கிவிடும்.

பரீட்சையிலும் வேலையிலும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. கிட்னிக்குள் பிரமிடுகள் என்ற கூம்பு வடிவத் திசுப் பகுதிகள் உண்டு. அவை திரையில் சுற்றியுள்ள திசுவைவிடக் கறுப்பாகத் தெரியும். பிறந்த குழந்தைக்கு இன்னும் கருமையாக இருக்கும். அதைப் பார்த்து நீர் கட்டியிருக்கிறது என்று நினைப்பவர்கள் ஏராளம். கறுப்புப் பொட்டுகள் தனித்தனியாக நின்றால் பிரமிடு. வாய்க்கால்கள் குளத்தில் சேர்வது போல எல்லாம் நடுவே ஒன்றாகக் கலந்தால் நீர்க்கட்டு. அப்போதும் அவசரம் கூடாது. சிறுநீர்ப்பை முட்ட நிரம்பியிருந்தாலே லேசாக விரிந்து காட்டும். போய்விட்டு வரச் சொல்லி மறுபடி பார்க்க வேண்டும்.

சிறுநீர்க் குழாய் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். சாதாரணமாக ஸ்கேனில் முழுதாகத் தெரியாது. அது மூன்று இடத்தில் குறுகும்: கிட்னியை விட்டுக் கிளம்பும் இடம், இடுப்பில் பெரிய ரத்தக் குழாயைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். கல் சிக்குவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில். கடைசிதான் மிகக் குறுகல்.

இனி வேலை விஷயம். இதை உங்களிடம் யாரும் நேராகச் சொல்லவில்லை என்று தெரிகிறது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டம், அல்ட்ராசவுண்ட் மெஷினைக் கடுமையான கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. இங்கே ஸ்கேன் செய்து ரிப்போர்ட் தருவது தகுதி பெற்ற டாக்டரின் வேலை. உங்கள் மகளுக்கு இந்தியாவில் எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ பக்கம்தான் வாசல் திறந்திருக்கிறது. கிட்னி பாடம் அங்கேயும் வீணாகாது. கல் இருக்கிறதா என்று எடுக்கும் சிடியில் மேலே எங்கே தொடங்கி கீழே எங்கே முடிப்பது என்று மெஷின் முன்னால் உட்கார்ந்து முடிவு செய்பவர் டெக்னாலஜிஸ்ட்தான்.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் சோனோகிராபர், அதாவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பவர், என்பது தனித் தொழில். அமெரிக்காவில் இவர்களுக்குச் சான்றிதழ் தரும் ஏஆர்டிஎம்எஸ் அமைப்பு ஒலி இயற்பியலுக்கு ஒரு தேர்வும், வயிறு போன்ற சிறப்புப் பிரிவுக்கு ஒரு தேர்வும் வைக்கிறது. வயிற்றுப் பிரிவில் கிட்னி தவறாமல் வரும். ஆனால் அந்தத் தேர்வுகளுக்கான பெரும்பாலான வழிகளில் ஸ்கேன் செய்த அனுபவத்தைக் கேட்கிறார்கள். இங்கே டெக்னாலஜிஸ்டாக இருந்துகொண்டு அந்த அனுபவத்தைச் சேர்ப்பது கடினம். அதனால் அந்த நாட்டிலேயே, பயிற்சியோடு சேர்ந்த, அங்கீகாரம் பெற்ற கோர்ஸ் படிப்பதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி. அதற்குச் செலவு அதிகம். அவசரப்படாமல், டிகிரி முடித்து இரண்டு வருடம் சிடியில் வேலை பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது என் எண்ணம்.

ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது எதுவும் கட்டாதீர்கள். அவர் கொடுத்த கோர்ஸ் விவரத்தை எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன். கூடவே மகள் புதிதாக வரையும் கிட்னி படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். இந்த முறை சாய்வாக.