மச்சானின் 303: கல்லடியில் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: நான் மட்டக்களப்பு கல்லடியைச் சேர்ந்தவன், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். போன வருடம் டொரன்டோவில் இருக்கும் மச்சானிடம் போயிருந்தேன். அவர் பட்டாளத்துப் பழைய 303 துவக்கு ஒன்று வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் றேஞ்சுக்குப் போய்ச் சுடுவார். என்னையும் கூட்டிப்போனார். 10 வெடி வைத்தேன். தோள் நாலு நாள் நீலம் பாரித்துக் கிடந்தது, ஆனால் ஆசை விடவில்லை. உன்னிச்சைப் பக்கம் வயல் காவலுக்கு என் பெயரில் சொட்கன் லைசன்ஸ் இருக்கிறது. அதிலேயே இப்படி ஒன்றை இங்கே வைத்திருக்க முடியுமா? "கழற்றித் துண்டு துண்டா அனுப்புறன், மறுகா நீங்க பூட்டிக்கொள்ளுங்க" என்கிறார் மச்சான். எனக்காக இன்னொன்று வாங்கவும் பார்க்கிறார். எதைப் பார்த்து வாங்கச் சொல்ல? மலிவாக ஒரு பெட்டி பழைய ரவையும் கிடைத்திருக்கிறதாம். நான் சுட்ட வெற்றுக் கோதுகள் இரண்டை ஞாபகத்துக்கு எடுத்து வைத்திருக்கிறார், அடுத்த முறை கொண்டுவரலாமா?

பதில்:

துண்டு துண்டாக அனுப்பும் கதையை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம் ஐயா. குழலும், ரவையைப் பின்னாலிருந்து அடைக்கும் இரும்புத் தண்டான போல்ட்டும் சுங்கத்தின் எக்ஸ்ரேயில் குழலாகவும் போல்ட்டாகவும்தான் தெரியும். கனடாவிலிருந்து துவக்கு வெளியே போவதற்கும் ஏற்றுமதி அனுமதி வேண்டும். ஆக, அந்தப் பக்கம் மச்சான் மாட்டுவார், இந்தப் பக்கம் நீங்கள். எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் பட்டாளத் துவக்கின் துண்டு அகப்பட்டால், பொழுதுபோக்குக்கு வைத்திருந்தேன் என்று எந்தப் பொலிஸ் நிலையத்தில் போய் விளங்கப்படுத்துவது? நம் வயதுக்காரர்கள் 303 ஐ முதலில் கண்டது றேஞ்சில் இல்லையே, சென்றிக்கு நின்றவரின் தோளில் அல்லவா.

உங்கள் சொட்கன் லைசன்ஸும் இதற்கு உதவாது. 1916 ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. 1996 திருத்தத்தோடு தண்டனைகள் கடுமையாகின. லைசன்ஸ் என்பது குறித்த ஆளுக்கு, குறித்த இலக்கமுள்ள ஒரு துவக்குக்கு, குறித்த காரணத்துக்குக் கொடுப்பது. வருடா வருடம் ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் புதுப்பிக்க ஓடுகிறீர்களே, அந்தக் கடதாசியில் இருப்பது வயலும் யானையும் பன்றியும். அதற்குள் றைபிளை நுழைக்க முடியாது. சுயபாதுகாப்புத் துவக்குக்குப் பாதுகாப்பு அமைச்சிடம் போகவேண்டும். அப்படிக் கொடுத்தவற்றையே 2024 நவம்பரில் மீளாய்வுக்கென்று திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். பழைய பட்டாளத் துவக்கு சேர்க்க ஆசை என்ற காரணத்துக்கு மாவட்டச் செயலகமான கச்சேரியில் படிவம் கிடையாது.

சரி, அப்படியென்றால் ஆசையை எங்கே வைப்பது? மச்சானின் வீட்டில்தான். அது ஒன்றும் குறைந்த இடம் இல்லை.

கனடாவில் 303 போன்ற, கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் நீளத் துவக்கு கட்டுப்பாடு குறைந்த வகுப்பில் வருகிறது. வாங்குபவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, பி.ஏ.எல். என்ற லைசன்ஸ் எடுத்திருக்க வேண்டும், 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். லைசன்ஸ் இல்லாத நீங்கள், லைசன்ஸ் உள்ள ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளச் சுடலாம். போன வருடம் நீங்கள் சுட்டதும் அப்படித்தான். "உங்களுக்காக" என்று அவர் வாங்கப்போகும் துவக்கும் சட்டப்படி அவருடையதுதான். அதை நீங்கள் இருவரும் விளங்கிக்கொண்டால் போதும்.

சுவிஸில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் இடையில் ஒரு சொல். அங்கே பழைய பட்டாள றைபிள் வைத்திருப்பது ஊர் வழக்கம் மாதிரி. ஆனால் சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதியில் சில நாட்டுப் பிரசைகள் ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இலங்கையும் உண்டு. பிள்ளை சுவிஸ் குடியுரிமை எடுக்காமல் இலங்கைப் பிரசையாகவே இருந்தால், நண்பன் சும்மா தந்தாலும் வாங்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி வாங்கும் விஷயம். நான் அவுஸ்திரேலியாவில் 16 வருடம் றைபிள் கிளப் ஒன்றில் இருந்தவன். லித்கோ தொழிற்சாலையில் செய்த பழைய 303 ஒன்று என்னிடமும் இருந்தது. மச்சானுக்கு நான் சொல்வது, அவர் ஊருக்குப் பக்கத்தில் பிறந்ததையே தேடட்டும் என்பதுதான். 303 களில் ஒரு வகையான லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 றைபிள்களை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கனடா தானே செய்தது, டொரன்டோவுக்கு மேற்கே ஏரிக்கரையில் லோங் பிராஞ்ச் என்ற இடத்தில். 9 லட்சத்துக்கு மேல் செய்தார்கள், பெரும்பகுதி பெண்களின் கைவேலை. அந்தத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கட்டடம் ஒன்று இன்னும் மிசிசாகாவில் நிற்கிறது, இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் இடம். துவக்கின் இடப்பக்க உலோகச் சுவரில் லோங் பிராஞ்ச் என்ற பெயரும் வருடமும் வெட்டியிருக்கும். வட துருவப் பக்கம் காவல் செய்யும் கனேடிய றேஞ்சர்கள் இந்த நம்பர் 4 ஐத்தான் அண்மைக் காலம் வரை தோளில் போட்டுத் திரிந்தார்கள். 2018 இல்தான் புது றைபிள் அவர்கள் கைக்கு வரத்தொடங்கியது. அந்தக் குளிரில் சிக்காமல் வேலை செய்ததால்தான் அவ்வளவு காலம் விடாமல் வைத்திருந்தார்கள்.

மேஜையில் ஒன்று கிடக்கும்போது மரத்தின் மினுக்கத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். முதலில் இலக்கங்கள். தோளில் முட்டும் மரமான சோங்கு பூட்டியிருக்கும் இரும்பில் ஒரு இலக்கம், போல்ட்டின் கைப்பிடி அடியில் ஒரு இலக்கம். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். வேறாக இருந்தால் எங்கோ ஒரு களஞ்சியத்தில் போல்ட் மாறியிருக்கிறது. சுடவே கூடாது என்றில்லை, அளந்து பார்க்காமல் சுடக்கூடாது.

என்ன அளப்பது? 303 ரவையின் அடியில் ஒரு விளிம்பு இருக்கிறது அல்லவா. அந்த விளிம்பு குழலின் பின்வாயில் தங்கி நிற்க, போல்ட் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கும். இடையில் வெளி கூடிப்போனால், வெடிக்கும்போது கோது பின்னுக்கு இழுபட்டு மெலியும், கடைசியில் அடிப்பக்கம் அறுந்துகூடப் போகும். நம்பர் 4 இல் இதற்கு ஒரு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு உண்டு. போல்ட்டின் தலை தனித் துண்டு, திருகிக் கழற்றலாம், 0, 1, 2, 3 என்று இலக்கம் போட்டு ஒன்றைவிட ஒன்று மயிரளவு நீளமாகச் செய்திருப்பார்கள். தேய்ந்த துவக்குக்குப் பெரிய இலக்கத் தலையைப் போட்டு வெளியைக் குறைப்பது வழக்கம். ஏற்கெனவே 3 போட்டிருந்தால் இனிக் கூட்ட அநேகமாக வழியில்லை என்று அர்த்தம். இந்த வெளியை அளக்கும் கருவி உள்ள துவக்குத் திருத்துநரிடம் ஒருமுறை காட்டத்தான் வேண்டும். அதற்கு மேல், சுட்ட கோதை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடிவிளிம்புக்குக் கொஞ்சம் மேலே, பித்தளையில் மினுங்கும் வளையம் ஒன்று சுற்றி ஓடியிருந்தால் அன்றைக்குச் சுடுவதை நிறுத்தவேண்டும்.

அடுத்தது குழல். போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே திருகித் திருகிப் போகும் சால்களின் ஓரம் கூராகத் தெரியவேண்டும். அங்கங்கே கருத்த புள்ளி இருப்பது பெரிய குற்றம் இல்லை, வயதான துவக்கு அப்படித்தான். குழல் வாய்தான் முக்கியம். துடைக்கும் துணி கட்டிய கயிற்றைக் கோணலாக இழுத்து இழுத்து வாய் ஒருபக்கம் தேய்ந்த துவக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் சன்னம் நேரே போகாது. போர் அவசரத்தில் இரண்டே சால் வெட்டிய குழல்களும் உண்டு, அதைக் கண்டு பயப்படவேண்டாம், நன்றாகவே சுடும்.

டி.பி. என்ற இரண்டு ஆங்கில எழுத்து எங்காவது வெட்டியிருந்தால் அதை வைத்துவிட்டு வரவேண்டும். அணிநடைப் பயிற்சிக்கென்று ஒதுக்கிய துவக்கு அது, சுடுவதற்கு இல்லை. இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 2ஏ1 என்ற வகையும் அச்சாக 303 மாதிரியே இருக்கும், ஆனால் அது 7.62 என்ற வேறு ரவைக்குச் செய்தது. அதே இஷாப்பூரில் 303 களின் குழலை அகலமாக்கி 410 சொட்கன்னாக மாற்றியதும் உண்டு. பெயரைப் பார்க்காமல் ரவை போட்டால் வில்லங்கம்.

இப்போது அந்த மலிவுப் பெட்டி. நான் அடிபட்டுப் படித்த பாடம் இது. பழைய பட்டாள ரவைகள் பலவற்றின் பின்னால் தீப்பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது எரிந்தால் குழலுக்குள் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைட், அதாவது ஒருவகை உப்பு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரம் கறளைக் கொண்டுவரும். "இது கறள் பிடிக்காத மருந்து" என்று சொல்லித்தான் எனக்கு ஒருவர் விற்றார். நானும் நம்பி, சுட்டு முடித்து எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு அலுமாரியில் வைத்தேன். அடுத்த கிழமை குழலைப் பார்த்தால் செம்மண் றோட்டு. எண்ணெய் உப்பைக் கரைக்காது, அதை மூடிக்கொண்டு இருக்கும், அவ்வளவுதான்.

கரைப்பது தண்ணீர். வாவியில் ஓடிவந்த போட் எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் எந்த மீன்பிடிகாரன் வைப்பான்? அதே கணக்குத்தான். போல்ட்டைக் கழற்றி, புனல் வைத்துப் பின்வாய் வழியாக ஒரு கேத்தில் கொதிதண்ணீர் விடவேண்டும். பிரிட்டிஷ் படையில் இதற்கென்றே தனிப் புனல் இருந்தது. குழல் சூடேறி நிற்பதால் மிஞ்சிய ஈரம் தானே ஆவியாகிப் போகும். மறுபடி காய்ந்த துணி, கடைசியில்தான் எண்ணெய். போல்ட்டின் முகத்தையும் கழுவ மறக்கக்கூடாது, உப்பு அங்கேயும் தெறித்திருக்கும். சுட்ட அன்றே செய்யவேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்பது கூடாது. சோங்கின் அடியில் சின்னக் கதவு ஒன்று இருக்கும், மச்சானைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் உள்ளே எண்ணெய்க் குப்பியும், குழலுக்குள் துணி இழுக்கும் கயிறும் அப்படியே கிடக்கும். அந்தக் கயிற்றைப் பின்வாயால் போட்டு நேராக இழுக்க வேண்டும்.

பழைய ரவையில் இன்னொரு குணமும் உண்டு. விசையை இழுத்தால் 'டிக்' என்று மட்டும் கேட்கும், வெடிக்காது. உடனே போல்ட்டைத் திறக்கக்கூடாது. சில பழைய ரவை பிந்தித்தான் வெடிக்கும். குழல் இலக்கைப் பார்த்தபடியே ஒரு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். மகசீனில் அடுக்கும்போது மேலே வைக்கும் ரவையின் விளிம்பு கீழே உள்ளதற்கு முன்னால் இருக்கவேண்டும், பின்னால் போனால் ஒன்றோடொன்று கொளுவி நடுவில் சிக்கும். உங்கள் 10 வெடியில் ஒன்றாவது சிக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். என்னிடம் கேட்டால் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு, வேட்டைக்காரருக்காக இப்போது செய்யும் புது ரவையை வாங்கச் சொல்வேன். விலை கூடத்தான், ஆனால் கேத்திலுக்கும் வேலை இல்லை.

தோள் நீலமானது துவக்கின் குற்றம் இல்லை. நம்பர் 4 இன் பாரம் 4 கிலோ அளவு. பட்டாள ரவையின் சன்னம் 11 கிராம் சொச்சம், வினாடிக்கு 740 மீற்றர் வேகத்தில் வெளியே போகும். அந்த உதையைத் தோள்பள்ளம் முழுக்க வாங்கினால் தள்ளல் மாதிரி இருக்கும், எலும்பு முனையில் வாங்கினால் குத்து. சோங்கை உள்ளே இறுக்கி இழுத்துப் பிடியுங்கள். காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி, இரண்டும் போடுங்கள். நம் வயதில் இனிப் போகும் செவி திரும்பி வராது.

இங்கேயே சுடும் ஆசை தீரவேண்டுமானால் பட்டாளத் துவக்கை மறந்துவிட்டு விளையாட்டுப் பக்கம் பாருங்கள். கொழும்பில் தேசிய சுடுதல் விளையாட்டுச் சம்மேளனம் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காக தெஹானி எகொடவெல 10 மீற்றர் காற்று றைபிளில் நின்றார். அதில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர். கணித வாத்தியாருக்கு 303 ஐ விட அதுதான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது, தோளும் தப்பும்.

கடைசியாக அந்த வெற்றுக் கோதுகள். மருந்து இல்லை, சன்னம் இல்லை, பித்தளைதானே என்று தோன்றும். ஆனால் விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரிவது ரவையின் உருவம். கட்டுநாயக்கவில் நடுச்சாமத்தில் பையைக் கொட்டி, இது ஞாபகப் பொருள் என்று விளங்கப்படுத்தும் நிலைமை உங்களுக்கு வேண்டாம். மச்சானின் மேசை லாச்சியிலேயே கிடக்கட்டும். நீங்கள் சுட்ட இலக்குக் கடதாசி, ஓட்டைகளோடு சேர்த்து, அதை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.